மழையை விசாரித்தவள்

இந்த வருஷம் ஆனி, ஆடி இரண்டு மாதமும் நான் தினமும் சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன். அதற்கு முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை பேசினாலே பெரிய விஷயம். அதுவும் அம்மா திட்டிய பிறகுதான். இப்போது ஆபீஸ் விட்டு பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதல் வேலை ஊருக்குப் போன் போடுவதுதான். எடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "அங்க மழ வருமாப்பா?" என்பதுதான்.

அப்பா நெகிழ்ந்து போய்விட்டார். டீக்கடையில், பால் சொசைட்டியில், மொரப்பூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம், எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருந்தாலும் தன் மகளுக்கு நினைப்பெல்லாம் காடு கழனி மேல்தான் இருக்கிறது என்று. அவர் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிவது எனக்குத் தெரியும். நான் ஒரு நாளும் அதை மறுக்கவில்லை.

நான் மழை வரக்கூடாது என்பதற்காகத்தான் விசாரித்தேன்.

எனக்குப் பாறை ஏறுகிற பைத்தியம். ஆபீஸில் கூட வேலை செய்கிறவர்கள் ஒரு நாள் என்னை ஒரு பெரிய ஹாலுக்குக் கூட்டிப்போனார்கள். சுவரெல்லாம் கலர் கலராகப் பிடிகளைத் திருகி வைத்திருந்தார்கள். இடுப்பில் பட்டையைக் கட்டி, கயிற்றை மாட்டி, ஏறு என்றார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். அப்புறம் சனி ஞாயிறு ஆனால் ராமநகரம் பக்கம் நிஜப் பாறைக்கே போக ஆரம்பித்தோம். வீட்டில் இதைச் சொல்லவே இல்லை. எங்கள் ஊரில் யாராவது பாறை மேல் ஏறினால் ஆடு தொலைந்துவிட்டது என்று அர்த்தம். ஆடும் இல்லாமல், கோயிலும் இல்லாமல், கல்யாணம் ஆகாத ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை கயிறு கட்டிக்கொண்டு பாறையில் தொங்குகிறாள் என்றால் அம்மா என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார்த்து, ஜிம்முக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஊர்ப் பாறையைப் பற்றி வாயை விட்டேன். பெருமைதான், வேறென்ன. ஊருக்கு வடக்கே தனியாக நிற்கும் மொட்டைப் பாறை. ஒரு பக்கம் சரிவு, இன்னொரு பக்கம் செங்குத்து. செங்குத்துப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை நீளமாக ஒரு வெடிப்பு ஓடும். கையை உள்ளே விட்டு மடக்கிப் பிடித்துக்கொண்டே ஏறலாம். அந்த மாதிரி வெடிப்பு கிடைப்பது பாறை ஏறுகிறவர்களுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. போட்டோவைக் காட்டியதும் எங்கள் குழுவில் மூத்தவரான ஒரு கன்னடக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தே விட்டார். அதுவரை குழுவில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த நான் ஒரே நாளில் பயணத்துக்குப் பொறுப்பாளி ஆகிவிட்டேன். தேதி குறிப்பது, வானிலை பார்ப்பது எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது.

பாறை ஏற வானிலைதான் எல்லாமே. கொஞ்சம் நனைந்தாலும் கால் நிற்காது. சரிவில் பாசி வழுக்கும். வெடிப்புக்குள் போன தண்ணீர் மழை நின்று ஒரு நாள் ஆனாலும் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் போகிற அன்றைக்கு மட்டும் மழை இல்லாமல் இருந்தால் போதாது. முந்தின நாளும் வெயில் அடித்திருக்க வேண்டும். செல்போனில் பார்த்தால் எங்கள் ஊருக்குத் தனியாக வானிலை காட்டாது. தருமபுரிக்குக் காட்டும் மேகம் எங்கள் ஊருக்கு வந்து சேருமா என்பது அந்த மேகத்துக்கே தெரியாது. அதனால்தான் அப்பா.

அப்பா இந்த வருஷம் மானாவாரியில் நிலக்கடலை விதைத்திருந்தார். கிணறு வற்றிப் போய் ரொம்ப நாளாகிறது. வைகாசியில் பெய்த ஒரு நல்ல மழையை நம்பி உழுது விதைத்தார். முளைத்து வந்தது. அதற்குப் பிறகு வானம் கையை விரித்துவிட்டது. கடலைச் செடி பூப்பூத்து, அந்தப் பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போனால்தான் காய். மண் இறுகிக் கிடந்தால் விழுது உள்ளே போகாமல் வெளியிலேயே காய்ந்துவிடும். ஆடிக்குள் ஒரு மழை வந்தே ஆகவேண்டும். இது எனக்குத் தெரியாதது இல்லை. நான் அந்தக் காட்டில் களை எடுத்து வளர்ந்தவள்தான்.

அப்பாவின் மழை ஜோசியத்தை நம்பி ஒரு காரியம் செய்ய முடியாது. ஒவ்வொரு நாளும் அவருக்கு நாளைக்கு மழை. மேற்கே கருத்திருக்கிறது என்பார், எறும்பு முட்டை தூக்குகிறது என்பார், மாடு வாலைத் தூக்குகிறது என்பார். ஒன்றும் வராது. ஆசையில் சொல்கிறார் என்று புரிந்த பிறகு நான் கேள்வியை மாற்றிவிட்டேன். மழை வருமா என்பதோடு, "மொட்டப் பாறை ஈரமா இருக்குதா, காஞ்சிருக்குதா?" என்றும் கேட்டேன். பாறை மினுமினுத்தால் மலைப்பக்கம் மழை இறங்கியிருக்கிறது என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்வார்கள். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு நான் கேட்கிறேன் என்று அப்பா நினைத்தார். வீட்டிலிருந்து பார்த்தால் பாறை தெரியாது, புளியமரங்கள் மறைக்கும். ரோட்டு வளைவு வரைக்கும் நடந்து போனால்தான் தெரியும். அப்பா தினமும் நான் போன் செய்வதற்கு முன்பே வளைவு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து காத்திருப்பார். "எலும்பாட்டம் காஞ்சி கெடக்குது பாப்பா" என்று அவர் வருத்தமாகச் சொல்ல, நான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் போடுவேன்.

முதல் தடவை தேதி குறித்தபோது, வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பாவே போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது. தூறல் விழுந்திருக்கிறது, மண் வாசம் கிளம்பிவிட்டது, செடியெல்லாம் தலையைத் தூக்கிவிட்டது என்று மூச்சு விடாமல் சொன்னார். "ஐயோ" என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். ஆமா பாப்பா, ஆமா பாப்பா என்று சிரித்தார். போனை வைத்துவிட்டு, குழுவில் பயணம் ரத்து என்று போட்டேன். ஆளாளுக்கு முகம் சுளிக்கும் பொம்மையைப் போட்டார்கள். நானும் எரிச்சலில் மேசையில் பேனாவைத் தூக்கிப் போட்டு, இந்தச் சனியன் பிடித்த தூறல் இன்றைக்குத்தான் வரணுமா என்று பக்கத்து சீட்காரியிடம் புலம்பினேன். சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் கூசியது. எங்கள் காட்டில் விழுந்த மழையை நான் சனியன் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தூறலும் தொடரவில்லை. மேல் மண்ணை நனைத்துவிட்டு நின்றுவிட்டது. பயிருக்கும் போதவில்லை, எங்கள் பயணத்தையும் கெடுத்தது. நான் வருத்தப்பட்டது எதற்கு என்று என்னையே கேட்டுக்கொள்ளப் பயமாக இருந்தது.

ஆடி பாதிக்கு மேல் ஆன பிறகு மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். மழை வந்தால் ஒகேனக்கல் போய்ப் பரிசல் ஏறி, மீன் வறுவல் சாப்பிட்டு வரலாம் என்று ஒருவர் மாற்றுத் திட்டம் சொன்னார். அதற்கும் வழியில்லை. குடகில் பெய்த மழையில் ஆறு பொங்கி, பரிசலை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரே மாவட்டத்தில் ஒரு பக்கம் வெள்ளம், இன்னொரு பக்கம் எங்கள் காடு.

வியாழக்கிழமை அப்பா ஒரு செய்தி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஊரில் மழைச்சோறு எடுக்கிறார்கள். மழை தவறிப்போன வருஷத்தில் பெண்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குவார்கள். வசதியான வீடும் போடவேண்டும், இல்லாத வீடும் போடவேண்டும். உப்புப் போடாத களி, கூழ், சோறு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, ஊருக்கு வெளியே உட்கார்ந்து எல்லாரும் சாப்பிடுவார்கள். பிறகு மூட்டை கட்டிக்கொண்டு, இந்த ஊரில் இனிமேல் பிழைக்க முடியாது, போகிறோம் என்று அழுதுகொண்டே கிளம்புவார்கள். ஊர் ஆம்பளை ஒருத்தர் குறுக்கே வந்து, மழை வரும், திரும்புங்கள் என்று கூப்பிட்டால் திரும்பி வருவார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஏரிக்கரையில் நடந்தது.

அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு நான் செய்ததை எழுதக் கை வரவில்லை. குழுவில் இப்படிப் போட்டேன்: "ஊரில் மழைக்கு வேண்டுதல் வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் நிச்சயம் மழை இல்லை. கிளம்பலாம்." எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மையைப் போட்டார்கள். அத்தனை பேர் ரசித்ததில் எனக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்துகூடப் போயிற்று.

ஞாயிறு விடியும்போதே காரில் கிருஷ்ணகிரியைத் தாண்டிவிட்டோம். நான் வருவதை வீட்டில் சொல்லவில்லை. ஏரிக்கரை தெற்கே, பாறை வடக்கே. காலையில் ஏறி மத்தியானத்துக்குள் இறங்கிவிட்டால் யார் கண்ணிலும் படமாட்டோம் என்பது என் கணக்கு. எங்கள் வீட்டுக்குத் திரும்பும் மண் ரோடு வந்தபோது ஷூ கயிறு கட்டுவது மாதிரி குனிந்துகொண்டேன். சொந்த ஊருக்கு வந்து, சொந்த வீட்டைத் தாண்டி, திருடி மாதிரி குனிந்து போனேன்.

ஆனால் பாறையைத் தொட்டதும் எல்லாம் மறந்துவிட்டது. பொய் சொல்லக்கூடாது, அவ்வளவு நன்றாக இருந்தது. பாறை நன்றாகக் காய்ந்து, சொரசொரவென்று, இளம் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. வெடிப்புக்குள் கை விட்டால் பூட்டின மாதிரி நின்றது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. இதுதான் நான் இரண்டு மாதமாகப் போனில் கேட்டுக் கேட்டு வாங்கிய வறட்சி. உச்சிக்குப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோதுதான் கீழே பார்த்தேன். பச்சையாக இருக்க வேண்டிய காடெல்லாம் பழுப்பாகக் கிடந்தது. கிணற்று மேட்டை வைத்து எங்கள் காட்டைக் கண்டுபிடித்தேன். அதுவும் அதே நிறம்தான். போனில் கேட்கும்போது அது இப்படி இருக்கும் என்று நான் ஒரு தடவைகூட மனசுக்குள் பார்க்கவில்லை. கயிற்றை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

என் கால் தரையில் பட்ட நேரத்தில் பறைச் சத்தம் கேட்டது. தெற்கே போக வேண்டிய சத்தம் எங்களை நோக்கி வந்தது. ஏரி முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டி உட்கார இடமில்லாமல் போனதால், இந்த வருஷம் மொட்டைப் பாறை அடிவாரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்பா அதைச் சொல்லவில்லை. நானும் எந்த இடம் என்று கேட்கவில்லை. நான்தான் பாறை காய்ந்திருக்கிறது என்றதும் போனை வைத்துவிட்டேனே.

முன்னால் வந்தது என் பெரியம்மா, அப்பாவுடைய அண்ணன் மனைவி. தலையில் பெரிய அலுமினியக் குண்டான். இடுப்பில் பட்டையும் அதில் தொங்கும் இரும்பு வளையங்களுமாக நின்ற என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரிந்ததும் குண்டானை இறக்கி வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மழச்சோத்துக்கு வந்துட்டியா கண்ணு? பாருங்கடி, பெங்களூர்லருந்து வந்து நிக்கிறா. உங்கப்பன் உன் பங்குன்னு சொல்லி ரெண்டு தரம் மொண்டு ஊத்துனாரு. ஆளயே காணோம், எதுக்குப் பங்குன்னேன். அவதான் தெனம் மழய கேட்டுக்கிட்டே இருக்கறா, அவளுக்கில்லாத பங்கான்னாரு."

மாட்டைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தங்கிவிட்ட அம்மாவைத் தவிர எல்லாப் பெண்களும் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தொட்டாள். இல்லை, நான் இதற்கு வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

பின்னால் ஆம்பளைகளோடு அப்பா வந்தார். தலையில் துண்டு, கையில் தண்ணீர்க் குடம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அப்புறம் என் இடுப்பைப் பார்த்தார், பாறையில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார், புளியமரத்தடியில் நின்ற காரைப் பார்த்தார்.

"எப்ப வந்த? வூட்டுக்குப் போய்ட்டு வரியா?"

நான் இடுப்புப் பட்டையின் கொக்கியை அவிழ்க்கப் பார்த்தேன். அதற்குள் எங்கள் குழுவின் மூத்தவர் ஓடி வந்தார். இவர்தான் என் அப்பா என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனுஷர், மரியாதை தெரிந்தவர். பிடி நழுவாமலிருக்க வெள்ளைப் பொடி பூசிய கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னடத்தில் நன்றி சொன்னார். தினமும் நீங்கள் பாறை காய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொன்னதால்தான் நாங்கள் வர முடிந்தது, உங்கள் மகள் ஒவ்வொரு நாளும் எங்களுக்குச் சொல்வாள், நல்ல வேளை, நீங்கள் சொன்ன மாதிரியே மழை வராமல் காப்பாற்றிவிட்டது என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் அவரிடம் காட்டைப் பற்றி எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

அப்பா கல்யாணத்துக்கு முன்பு பெங்களூரில் கட்டட வேலை செய்தவர். கன்னடம் தண்ணி பட்ட பாடு. ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குள் போய் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தினமும் ரோட்டு வளைவுக்கு நடந்ததையெல்லாம் அந்த இடத்தில் நின்று அவர் திரும்ப நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். என்னைத் திட்டியிருந்தால், அத்தனை பேர் முன்னால் ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கன்னடம் தெரியாத பெரியம்மா, அந்தத் தம்பி என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

அப்பா குடத்தைக் கீழே வைத்தார். "அவங்களும் மழ வரணும்னு வேண்டிக்கிறாங்களாம்" என்றார்.

பெரியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வந்தவர்களும் உட்கார வேண்டும், மழைச்சோற்றை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று எங்கள் குழுவையும் உட்கார வைத்தாள். எல்லாரும் வெறும் பாறை மேல் உட்கார்ந்தோம். களியும் சோறும் கலந்த உருண்டையை ஒவ்வொருத்தர் கையிலும் வைத்தார்கள். உப்பில்லாத சோறு தொண்டையில் இறங்க நேரம் பிடிக்கும். அதில் என் பங்கும் இருந்தது. என் பெயரைச் சொல்லி அப்பா ஊற்றியதை நான் சாப்பிட்டேன். என் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியும் சேர்ந்து வாய்க்குள் போனது. அப்பா தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிறகு பெண்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். பெரியம்மா என் கையை விடாததால் நானும் அவர்களோடு நடந்தேன். அழுவது வழக்கம்தான், பாதிப் பேர் அழுதுகொண்டே பக்கத்துக்காரியிடம் கதை பேசுவார்கள். நான் நிஜமாக அழுதேன். அதையும் ஊருக்காக அழுகிறாள் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இந்த வருஷம் குறுக்கே வந்து கூப்பிட வேண்டிய ஆள் அப்பா. எங்களுக்கு முன்னால் வந்து, கையை விரித்து நின்றார்.

"போவாதீங்க. மழ வரும். வூட்டுக்குத் திரும்புங்க."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பெண்கள் திரும்பினார்கள். நான் திரும்பிக் காருக்குப் போனேன். நாளைக்கு ஆபீஸ், இருட்டுவதற்குள் ஓசூரைத் தாண்ட வேண்டும் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். நிஜக் காரணம், அப்பாவோடு அந்த மண் ரோட்டில் நடந்து வீடு வரைக்கும் போக எனக்குத் தைரியம் இல்லை.

அந்த வாரம் முழுக்க நான் ஊருக்குப் போன் செய்யவில்லை. மழை வந்ததா என்று தெரிந்துகொள்ள மனசு அடித்துக்கொண்டது. இந்தத் தடவை நிஜமாகவே கடலைக்காகத்தான். ஆனால் எப்படிக் கேட்பது? மழை வருமா என்று நான் வாயைத் திறந்தால் அவர் எதற்கு என்றுதானே நினைப்பார். பெங்களூரில் ஒவ்வொரு நாளும் மழை பெய்தது. ஆபீஸ் ஜன்னலில் தண்ணீர் வழியும்போது நான் திரையை இழுத்து மூடிவிட்டு வேலை பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் வழக்கமாகப் போன் செய்கிற நேரத்தில் அப்பா கூப்பிட்டார். பஸ்ஸில் இருந்தேன்.

"மழ ஒண்ணும் இல்ல பாப்பா" என்றார். "நாளைக்கும் வராதாட்டம் தெரியுது. பாற நல்லா காஞ்சிருக்குது. ரோட்டு வளவுல நின்னு பாத்துட்டுத்தான் பேசறேன்."

அவர் குரலில் குத்தல் இருக்கிறதா என்று கூர்ந்து கேட்டேன். இல்லை. நல்ல சேதி சொல்கிறவரின் குரலில்தான் சொன்னார். மழை வரும் என்று தவிர வேறெதையும் சொல்லத் தெரியாத மனுஷர், எனக்காக முதல் தடவையாக மழை வராது என்று சொன்னார்.

கடலை என்ன ஆச்சுப்பா என்று கேட்டேன்.

"காட்டுல மாட்ட அவுத்து உட்டுட்டேன், மேயட்டும்னு. அத உடு. ஞாயித்துக்கெழம வரதுன்னா வாங்க. இந்தத் தடவ மொதல்ல வூட்டுக்கு வந்துட்டுப் போங்க. எத்தன பேருன்னு மட்டும் சொல்லு, அம்மா சோறாக்கணும்."

அவர் லைனிலேயே காத்திருந்தார்.